கிடங்கில் கத்திய ஸ்கூட்டர் ஹாரன்

என்னிடம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா இருப்பது எங்கள் அலுவலகத்துக்குப் பதினோரு வருடமாகத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. மதுரையில் பாலிடெக்னிக் முடித்து, பரீட்சை எழுதி, தில்லியில் மத்திய அரசு கிளார்க் ஆனவள் நான். பதினோரு வருடம் வந்த கடிதங்களுக்கெல்லாம் எண் போட்டேன். பிறகு வேறு யாரும் போக மறுத்ததால் என்னைக் கிடங்குக்குப் பொறுப்பாளராக்கினார்கள். அது பதவி உயர்வு மாதிரி என்று சொன்னார்கள். அந்த மாதிரிக்குச் சம்பளம் கிடையாது.

கிடங்கு எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஐந்து நிமிட நடை. கிட்வாய் நகரின் ஓரத்தில் ஒரு பழைய தகரக் கூரைக் கட்டடம். மின்விசிறி, கூலர், ஹீட்டர், கால் உடைந்த நாற்காலி, யாரும் தொடாத டைப்ரைட்டர் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். அங்கிருந்து பொருள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. திருடனுக்குத் தில்லியின் பருவநிலை அத்துப்படி. ஏப்ரல், மே மாதங்களில் கூலர் போகும். நவம்பர், டிசம்பரில் ஹீட்டர் போகும். மழைக்காலத்தில் அவனும் ஓய்வெடுப்பான். பூட்டு ஒரு தடவைகூட உடைந்ததில்லை.

ஒவ்வொரு முறையும் விசாரணை ஒரே இடத்தில்தான் தொடங்கும், அதே இடத்தில் முடியும். கிடங்கைப் பெருக்க ஒருத்தி வருவாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, ஜங்புராவில் பாரபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரமாக இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தாள். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பாள். எது காணாமல் போனாலும் எங்கள் கேர்டேக்கர் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டச் சொல்வார். நான்கடி உயரக் கூலர் ஒன்று போனபோதும் அந்தப் பையைத்தான் பார்த்தார். உள்ளே எலுமிச்சம்பழச் சாதம் இருந்தது. டப்பாவின் மூடியையும் திறக்கச் சொன்னார். கேர்டேக்கர் என்றால் அந்தக் கட்டடங்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி. கிடங்கின் இன்னொரு சாவி அவரிடம் இருந்தது.

அவள் அழவில்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, இத்தன படிச்சிருக்கீங்களே, ஆளு வந்தா கண்டுபிடிக்கிற மாதிரி ஒண்ணும் செய்ய முடியாதா?"

என் டிப்ளமாவை நினைத்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

முதலில் முறைப்படியே எழுதிப் பார்த்தேன். கிடங்குக்கு எச்சரிக்கை மணி வாங்கலாம் என்று ஒரு குறிப்பு அனுப்பினேன். ஃபைல் நான்கு மேசைகள் ஏறி இறங்கி, ஏழு மாதம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. திருட்டு இன்னும் தொடர்கிறதா என்று தெரிவிக்கவும். தொடர்கிறது என்று எழுதினேன். அப்படியானால் இதுவரை எடுத்த நடவடிக்கை பலன் தரவில்லையா என்று கேட்டார்கள். எடுத்த நடவடிக்கை சாப்பாட்டுப் பையைத் திறந்ததுதான் என்று எழுதக் கை பரபரத்தது. எழுதவில்லை. நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

அப்போது கரோல் பாக் நடைபாதையில் சீனத்துப் பிளாஸ்டிக் கிளி ஒன்று விற்றார்கள். வாசலில் தொங்கவிட்டால், யாராவது கடந்து போகும்போது கீச்சென்று கத்தும். மனித உடம்பின் சூடு நகர்வதைக் கண்டுகொள்ளும் சென்சார் ஒன்று அதன் வயிற்றில் இருந்தது. பேரம் பேசி ஒரு கிளி வாங்கி, சமையலறை மேடையில் வைத்து வயிற்றைக் கிழித்தேன். செங்கோட்டைக்கு எதிரே உள்ள எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டில் மின்சாரத்தைத் தானே இணைத்துவிடும் ரிலே ஒன்றும் நாலைந்து சில்லறைப் பாகங்களும் கிடைத்தன. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துப் பல வருடமாகியிருந்தது. முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டேன், இரண்டாம் நாள் மேடையைச் சுட்டேன். ஆனால் கைக்கு எல்லாம் நினைவிருந்தது. தில்லிக்கு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கிளியின் குரல் கிடங்குக்குப் போதாது. அதற்காக என் கணவருடைய ஸ்கூட்டரிலிருந்து ஹாரனையும் பேட்டரியையும் கழற்றினேன். அவர் வேறொரு அமைச்சகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார், அமைதியான மனிதர்.

"பேட்டரி இல்லாம தள்ளிக்கூட ஸ்டார்ட் பண்ணிக்குவேன். ஹாரன் இல்லாம தில்லியில எப்படிப் போறது?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள் பஸ்ல போங்க. வேற ஹாரன் வாங்கிக்கலாம்."

ஒன்பது மாதம் பஸ்ஸில் போனார்.

மணி ஒருமுறை அடிக்கத் தொடங்கினால், என் கையிலிருக்கும் சிறு சாவியைப் போட்டுத் திருப்பும்வரை நிற்காதபடி செய்திருந்தேன். எதையும் ஒளித்துச் செய்யவில்லை. சோதனைக்காக ஒரு கருவி பொருத்தியிருக்கிறேன் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். கேர்டேக்கர் அதன் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் எந்தக் குறிப்பையும் படித்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரலில் பொருத்தினேன். மே மாதம் ஒரு பிற்பகல், கேர்டேக்கரே நேரில் பார்க்க வந்தார். பெருக்குகிறவளைச் சென்சாருக்கு முன்னால் நடக்கச் சொன்னேன். நடந்தாள். சத்தமே இல்லை. கையை வீசிக்கொண்டு நடந்தாள். குதித்தும் பார்த்தாள். ஹாரன் வாய் திறக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, அந்த வெயிலில், மனித உடம்பும் சுவரும் ஒரே சூட்டில் இருந்தன. சென்சாருக்கு அவள் ஒரு சுவராகத்தான் தெரிந்தாள்.

"என்னைய எந்த மிஷினுக்கும் தெரியாது அக்கா. ஏதாவது காணாமப் போனாத்தான் தெரிவேன்" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு.

கேர்டேக்கருக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் வயிறு குலுங்கச் சிரித்தார். மதராசி மேடம் செய்த மெஷின் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பிறகு அதை மறந்தே போனார். அந்த மாதம் இரண்டு கூலர்கள் போயின. சாப்பாட்டுப் பை இரண்டு முறை திறக்கப்பட்டது.

நான் அதைக் கழற்றவில்லை. மழை வந்து கூரை குளிர்ந்ததும் எலி ஓடினால்கூடக் கத்தியது. எலிக்குக் கத்தாமலிருக்கச் சென்சாரின் முகப்புக் கண்ணாடியில் கீழ்ப்பாதியில் கறுப்பு டேப் ஒட்டினேன். பெருக்குகிறவள்தான் தினமும் நடந்து காட்டுவாள். அவளைக் கண்டதும் ஹாரன் அலறும், அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அக்டோபருக்குள் சரியாகிவிட்டது. ஹீட்டர் மாதம் வரட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. அலுவலகத்துக்கு விடுமுறை. காலை பதினொரு மணிக்குப் பனி விலகி லேசாக வெயில் வந்திருந்தது. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையைத் தூக்கினார்.

"அது என்னோட ஹாரன்" என்றார்.

ஈரக் கையோடு ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் காலனிக்காரர்கள் பாதிப் பேர் கிடங்கு வாசலில் கூடியிருந்தார்கள். கிடங்கைப் பெருக்குகிறவள் சனிக்கிழமைகளில் காலனி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பாள், அவளும் புடவையைத் தூக்கிச் செருகியபடி வந்து நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே கேர்டேக்கரும் அலுவலக வேன் டிரைவரும் நின்றார்கள். கேர்டேக்கரின் இரண்டு கைகளிலும் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிய ஹீட்டர் ஒன்று, குழந்தையைத் தூக்கியதுபோல. ஹாரன் விடாமல் அலறியது.

"மேடம், பஹலே இஸே பந்த் கீஜியே" என்றார். முதலில் இதை நிறுத்துங்கள் என்று.

சாவி வீட்டில் பர்சுக்குள் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன். உண்மைதான். ஆனால் போகும்போது நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

திரும்பி வந்து சத்தத்தை நிறுத்தியதும், காது அடைத்துப்போன அந்த அமைதியில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, அந்தத் துணியப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. எம் பையத் தெனம் பாத்தாருல்ல."

நான் அதை இந்தியில் சொன்னேன். அவர் பிரிக்கவில்லை. பக்கத்து பிளாக்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் விரிப்பை மெல்ல விலக்கினார். ஹீட்டரின் முதுகில் எங்கள் அலுவலக எண் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. அந்த எண்ணை எழுதியது நான். கேர்டேக்கரின் கழுத்து வியர்த்திருந்தது. எனக்கு வெற்றி பெற்றதாகத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைத்தார்கள். ஹீட்டர் எப்படி வெளியே போக இருந்தது என்பதை விசாரிக்க என்று நினைத்தேன். அரசுக் கிடங்கில் தனியார் ஸ்கூட்டரின் ஹாரன் எப்படி உள்ளே வந்தது என்று விசாரித்தார்கள். என் குறிப்பை நீட்டினேன். ஓரத்தில் கேர்டேக்கரின் கையெழுத்து. கமிட்டி இதில் ஒரு நாள் முழுக்கத் திணறியது. கடைசியில், அனுமதி யாரும் தரவில்லை, ஒருவர் பார்த்திருக்கிறார், அவ்வளவே என்று எழுதினார்கள். சனிக்கிழமை நடந்தது திடீர் ஆய்வு, ஹீட்டர் தூக்கப்பட்டது எடை பார்க்க என்றும் எழுதினார்கள். படுக்கை விரிப்பைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை. கருவியை உடனே கழற்ற உத்தரவு வந்தது.

கழற்றினேன். ஆனால் அதற்குள் கதை கைமீறிப் போயிருந்தது. மதராசி மேடத்தின் மெஷின் ஆளைப் படம் பிடிக்கும், வீட்டுக்குப் போன சாமானைக்கூடக் காட்டிக்கொடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதைப் பரப்பியது பெருக்குகிறவள் என்று எனக்குச் சந்தேகம். அவளிடம் கேட்டேன். தனக்கு இந்தி அவ்வளவாக வராது என்றாள். அருமையாக வரும்.

அடுத்த மூன்று வாரங்களில் பொருள்கள் திரும்பி வந்தன. காலையில் கதவைத் திறக்கப் போனால் வாசலில் ஒரு கூலர் நிற்கும், ஒரு குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரோடு. மின்விசிறிகள் ஆட்டோவில் வந்தன. ஒரு துணைச் செயலாளரின் பியூன் நான்கு நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போனான். கடைசியில் எண்ணிப் பார்த்தால், பதிவேட்டில் உள்ளதைவிட ஆறு மின்விசிறியும் இரண்டு கூலரும் அதிகம். வேறு அலுவலகங்களின் பொருள்களும் பயத்தில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தன.

பொருள் குறைந்தால் எழுத ஒரு படிவம் இருக்கிறது. கூடினால் எழுதப் படிவம் இல்லை. அத்தனை வருடத் திருட்டுக்கு விளக்கம் கேட்காதவர்கள், எட்டுப் பொருள்கள் அதிகமானதற்கு என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். மக்கள் கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஒரே வரி எழுதினேன். அது திருப்தியாக இல்லையென்று என்னை மறுபடியும் கடிதங்களுக்கு எண் போட அனுப்பினார்கள். கேர்டேக்கர் வேறு கட்டடத்துக்குப் போனார், அங்கே அவருக்கு அறை பெரியது.

நான் கிடங்கை விட்டுக் கிளம்பும் நாளில் அவள் வந்தாள். டிசம்பருக்குப் பிறகு அவளுடைய பையை யாரும் தொடவில்லை. தங்கள் கேம்ப்புக்கு ஒன்று செய்துகொடுக்க முடியுமா, தண்ணீர் லாரி வந்தால் கத்துகிற மாதிரி என்று கேட்டாள். அது உடம்புச் சூட்டுக்குத்தான் கத்தும், லாரிக்குக் கத்தாது என்றேன்.

"லாரி வந்தா நாங்க எல்லாரும் ஓடுவோமே, அதுக்குக் கத்தட்டும்."

"நீங்க ஓடறப்பவே தெரிஞ்சிடுமே, அப்புறம் எதுக்கு மெஷின்?"

கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்குக் காது மந்தமாப் போச்சு அக்கா, அந்த ஹாரனுக்கு முன்னாடி நின்னு நின்னு" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன்.