புள்ளி நின்ற இடத்தில் வண்டி இல்லை

விசேஷம் வைப்பவர்களையும் பந்தல், சமையல், மைக் செட் ஆட்களையும் இணைக்கிற செயலி ஒன்றை நானும் சென்னையில் இருக்கும் என் தோழியும் உருவாக்கிக்கொண்டிருந்தோம். நிரல் எழுதுவது அவள். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து திரைகளை வடிவமைப்பது நான். எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது: பந்தல்காரரின் போன் நம்பரை வீட்டாருக்குக் காட்டலாமா, கூடாதா?

"காட்டினா அவங்களே பேசிக்குவாங்க. அப்புறம் நம்மள எதுக்குத் தேடுவாங்க?" என்பாள் அவள். அதில் நியாயம் இருந்தது. நம்பரை மறைத்துவிட்டு, வண்டி வரும் இடத்தைக் காட்ட வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன்.

கல்வராயன் மலையிலிருந்து முதல் பதிவு வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊர்; பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். கள்ளக்குறிச்சிப் பந்தல்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். விசேஷத்துக்கு முந்தின நாள் காலை புள்ளி நகர்ந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் நின்றது. துணி காயப்போடும்போது பார்த்தேன், சோற்றைப் பிசைந்தபடி பார்த்தேன். அசையவேயில்லை. பந்தல்காரரின் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை.

மதியம் பெண்ணின் அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். "இன்னாங்க, வண்டி கீழயே நின்னுகினு இருக்குது? நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. அவரு நம்பரையாவது குடுங்க."

தோழியைக் கேட்காமலே நம்பரைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் இணைப்பு அறுந்தது. அதற்குமேல் வீட்டில் உட்கார முடியாமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

புள்ளி நின்ற இடத்தில் யாருமே இல்லை. இன்னும் சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும், முகப்பைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது மினி லாரி. பக்கத்தில் வியர்த்து வழியும் பந்தல்காரர்.

"ரேடியேட்டர் கொதிச்சிடுச்சி மேடம். டவரும் இல்ல. யாருகிட்டன்னு சொல்றது?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு டிராக்டர் இறங்கி வந்தது. பெண்ணின் அம்மாவும் சொந்தக்காரர்கள் சிலரும் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "மொதல்ல கம்பத்த ஏத்துங்க" என்றார். நானும் துணிச்சுருள்களைத் தூக்கினேன்.

பொழுது சாய்வதற்குள் பந்தல் எழுந்துவிட்டது. அதனடியில் டீ குடிக்கும்போது பெண்ணின் அம்மா பந்தல்காரரிடம் திரும்பினார்.

"தம்பி, உன் நம்பரச் சொல்லு. தையில கல்யாணம். நீயே வந்து போட்டுட்டுப் போயிடு."

"சரிக்கா" என்று அவரும் சொன்னார். அந்த அம்மா என் கண்ணெதிரிலேயே நம்பரைப் பதிந்துகொண்டு, "நீயும் கண்டிப்பா வரணும்மா" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

நடந்ததைத் தோழியிடம் சொன்னேன். பல நாள் வாதாடினாள். கடைசியில் நம்பரை எல்லோருக்கும் தெரியும்படி திரையின் மேலேயே வைத்துவிட்டோம்.

இப்போது தை நெருங்குகிறது; பெண்ணின் அம்மா நேற்று மறுபடி செயலிக்குள் வந்ததை, யார் எதைப் பார்த்தார்கள் என்று காட்டும் கணக்கில் பார்த்தேன். மேளம் தேடினார். உளுந்தூர்பேட்டைக் குழு ஒன்றின் பக்கத்தைத் திறந்தார். போன் செய்யாமலே வெளியேறிவிட்டார். படம் சரியில்லையா, எழுத்து சின்னதாகத் தெரிந்ததா? அவரையே கேட்கலாம். கேட்கத் தைரியம் இல்லாமல் காலையிலிருந்து அந்தத் திரையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.