திருப்பி ஒட்டிய டைல்ஸ்

1. திங்கட்கிழமை காலை, என் முதுகலை இயற்பியல் மாணவி ஒருத்தியின் அண்ணன் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் கல்லூரிக்கு வந்தார். அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்ட சாதிச் சான்றிதழும் ஒரு பை சீத்தாப்பழமும் கொண்டுவந்திருந்தார்.
2. துறை வராந்தாவில் நான் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.
3. வகுப்பு வாசலுக்கு வந்து, "தங்கச்சிய கொஞ்சம் அனுப்புங்க மேடம்" என்றார். அனுப்பினேன்.
4. அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். இரண்டு முறை.
5. வாசலருகே முக்காலியில் இருந்த உப்புப் படிக மாதிரியைத் தூக்கி அடித்தார். மர உருண்டைகளை இரும்புக் கம்பிகளால் கோத்த கனமான மாதிரி. தடுத்த அவளது வலது மணிக்கட்டு உடைந்தது.
6. குறுக்கே போன எனக்குப் புருவத்தில் நான்கு தையல்.
7. மாணவர்கள் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். சீத்தாப்பழம் நசுங்கி வராந்தா முழுக்கக் கொழகொழவென்று ஆனது.
8. கழன்று கிடந்த கம்பியை எடுத்து, விழுந்து கிடந்தவரின் முதுகில் நான் ஓங்கி அடித்தேன்.

எட்டாவது, போலீசில் நான் முதலில் கொடுத்த புகாரில் இல்லை.

படிகங்களின் சமச்சீர் வகைகளில், அதாவது வெளிக்குழுக்களில், நேரடியாகத் தொடங்கினால் மாணவர்கள் மிரண்டுபோவார்கள். மொத்தம் இருநூற்று முப்பது. அதனால் முதலில் தரையில் தொடங்குவேன். உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தைப் படம் எடுத்து வாருங்கள், எங்கே சுழற்றினால் அது மாறாமல் தெரிகிறது என்று குறியுங்கள் என்பேன். ஜன்னல் கம்பி, புடவைக் கரை, பிளாஸ்டிக் பாய் என்று எல்லாம் வரும். படத்தின் கீழே பெயரும் எடுத்த இடமும் எழுத வேண்டும் என்பது என் விதி.

அவள் கொண்டுவந்தது ஒரு டைல்ஸ் தரை. ஒவ்வொரு டைலுக்கும் ஒரே ஒரு மூலையில் காற்றாடி இறக்கைபோல் வளைந்த ஓர் இதழ். நான்கு டைல்கள் சேரும் இடத்தில் ஒரு பூ. ஒரு டைல் மட்டும் திரும்பி ஒட்டப்பட்டிருந்தது. அதனால் ஒரு பூவுக்கு மூன்றே இதழ்கள். நான்காவது இதழ் பக்கத்தில், பூவே இல்லாத இடத்தில் தனியாகக் கிடந்தது.

"கொத்தனாரு சரக்கு போட்டுக்கினு ஒட்டிக்கிறாரு மேடம்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"உங்க வூட்டுக்கு வந்து ஒட்டுனா தெரியும், வாய மூடு" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சமச்சீர் முறியும் இடத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது என்று பெரிதாக அச்சிட்டு வராந்தாவில் ஒட்டினேன். மேலே "பிழை எங்கே?" என்று நான் எழுதினேன். கீழே அவள் பெயரும், அவள் எழுதித் தந்தபடி "எங்கள் வீடு" என்பதும் இருந்தன.

அவள் அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவர். அந்தத் தரையைத் தியாகதுருகத்தில் ஒரு வீட்டில் ஒட்டியவர் அவர்தான். அந்த வீட்டுப் பையனை அவள் விரும்பியதும், அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அண்ணன் அடக்கிவைத்திருந்ததும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அங்கே போய்வந்திருக்கிறாள். பையனின் அம்மா ஒவ்வொரு முறையும் அந்த டைலைக் காட்டி, "உங்க அண்ணன் பண்ண வேலையப் பாரும்மா" என்று கிண்டல் செய்வாராம்.

படத்தைப் பார்த்ததும், தன் கையால் நடந்த பிழை அண்ணனுக்குத் தெரியாதா?

"இன்னாடி எழுதிக்கிற? எங்கள் வூடா? எவன் வூடுடி உன் வூடு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மாணவர்கள் அவரை மிதித்தபோது அவள் உடைந்த கையோடு ஊர்ந்து வந்து, "எங்க அண்ணன அடிக்காதீங்கடா!" என்று கத்தினாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் கம்பியை எடுத்தேன். புருவத்திலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கே அடிக்கிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது.

பத்து நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு என் அறைக்கு வந்தாள்.

"நான் மலைக்கே போய்டறேன் மேடம்."

"பரீட்சை?"

"வோணாம். அண்ணன் சொல்லி அனுப்பிக்கிறாரு. நான் வூட்டுக்கு வந்துட்டா நீங்க அடிச்சத வெளிய சொல்ல மாட்டாராம். வரலன்னா கேஸ் குடுப்பாராம். உங்க வேலை போய்டுங்க."

"அங்க போனா உன்ன இன்னா பண்ணுவாங்க?"

"ரெண்டு நாள்ல கட்டி வெச்சிடுவாங்க. மாப்ள பாத்துட்டாங்க." பிறகு தயங்கி, "எங்கள் வூடுன்னு நான் பொய் எழுதல மேடம்" என்றாள்.

அவள் எதிரிலேயே ஒரு தாளை எடுத்து, மேலே உள்ள எட்டையும் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் முதல்வருக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு. காவல் நிலைய எழுத்தர் படித்துவிட்டு, "எட்டாவது எதுக்குங்க மேடம்? யாரும் கேக்கலியே" என்றார். எட்டை எடுத்துவிட்டால் அவளை மலைக்கு இழுக்கிற கயிறு அவர்கள் கையில் இருக்கும் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. தாளில் முத்திரை குத்தினார்.

வலக்கையை எவ்வளவு சுழற்றினாலும் இடக்கை ஆகாது என்று வகுப்பில் சொன்னவள் நான். அவள் இப்போது இடக்கையால் படிகம் சுழன்றபடியே நகர்ந்து பொருந்தும் திருகு அச்சின் குறியைப் போட்டுப் பழகுகிறாள். கோணல்மாணலாக வருகிறது. எந்தக் குழு என்று கண்டுபிடிக்க முடிகிறது.

இன்றைய நிலை இது. நான் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன், என்மீதும் வழக்கு உண்டு. அவள் அண்ணன் ஜாமீனில் வந்து மறுபடி டைல்ஸ் வேலைக்குப் போகிறார். அவள் தியாகதுருகத்தில், அந்தத் தரை இருக்கிற வீட்டில் இருக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். அவள் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் அனுமதித்திருக்கிறார்கள்.