மூன்று கோலுக்கும் கைதட்டியவள்

என் அம்மாவை இப்போது பைபர் ஆர்ட்டிஸ்ட் என்கிறார்கள். கயிறு, நூல், தேங்காய்த் தும்பு, கிழிந்த புடவை, கடற்கரையில் ஒதுங்கும் அறுந்த வலை என்று கைக்கு அகப்படுவதையெல்லாம் முறுக்கியும் முடிந்தும் அவள் செய்பவற்றை நாகர்கோவிலில் ஒரு மண்டபத்துச் சுவரில் மாட்டிவைக்கிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆட்கள் பார்த்துப் போகிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அவளுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. பள்ளிக்கூடப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் அப்பா ஒரு சின்னக் கோடு போட்டு விட்டுவிடுவார்.

இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே எங்கள் வீடு. அந்த வீட்டில் சும்மா இருந்த பொருளே இல்லை. கேஸ் சிலிண்டர் பச்சைப் பாவாடை கட்டியிருந்தது. பிரிட்ஜின் கைப்பிடிக்கு முழுக்கைச் சட்டை உண்டு. வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவரும் கம்பளிச் சட்டைகளை எங்கள் ஊர் வெயிலில் யாரும் போடமுடியாது என்பதால், அம்மா அவற்றைப் பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொள்வாள். தம்பியின் தொட்டில், கோழியை மூடும் வலைக்கூடை, என்னுடைய சோற்றுப் பை எல்லாம் அவள் கைவேலைதான். பை மட்டும் எனக்குப் பிடிக்காது. மற்ற பிள்ளைகளின் பைகளில் பொம்மைப் படம் இருந்தது. என்னுடையதில் ஏழு நிறமும் ஒரு பித்தானும் இருந்தன.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு புதிய பி.டி. டீச்சர் வந்தார். வந்த வாரமே பெண் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, ஏழு பேர் ஆடும் கால்பந்து அணி ஒன்றை உண்டாக்கிவிட்டார். ஓடுவதில் நான் கடைசி. ஆனால் கீழே விழுவதற்கு எனக்குப் பயமே கிடையாது. அந்த ஒரு தகுதியை வைத்து என்னைக் கோல்கீப்பராக்கினார். மூன்று மாதத்தில் என் முழங்கால் இரண்டிலும் மணல் குடியேறிவிட்டது. தூக்கத்திலும் பந்து பிடித்தேன்.

முதல் போட்டி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு, எங்கள் மைதானத்தில். கோல் கம்பங்கள் மட்டும்தான் இருந்தன, வலை கிடையாது. கடைசி ஐந்து நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது அவர்களுடைய கேப்டன், ஒன்பதாம் எண் பனியன் போட்ட நெடிய பெண், இடது ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். நான் பாய்ந்தேன். பந்து கம்பத்தை ஒட்டிப் பறந்து பின்னாலிருந்த தாழம்புதருக்குள் போய் விழுந்தது. அவர்கள் கோல் என்றார்கள். நாங்கள் வெளியே என்றோம். எங்கள் பக்கத்தில் அதிகமாகக் கத்தியது நான்தான். கடவுள் மேல் ஆணை, அம்மா மேல் ஆணை என்றெல்லாம் சத்தியம் செய்தேன். இரண்டு பள்ளி ஆசிரியர்களும் சண்டை போட்டுக்கொள்ளாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் அந்த ஆட்டம் செல்லாது, இரண்டு வாரம் கழித்து அதே மைதானத்தில் மறுபடி ஆடுவது என்று முடிவாயிற்று.

வீட்டில் தம்பிக்குச் சோறூட்டிக்கொண்டே அம்மா முழுக் கதையையும் கேட்டாள். அவள் அதுவரை ஒரு கால்பந்து ஆட்டமும் பார்த்ததில்லை.

"பந்து உள்ள போச்சா, வெளிய போச்சா?"

"வெளிய."

"நெசமாட்டா மக்கா?"

நான் தட்டைப் பார்த்தேன். பாய்ந்து விழும்போது என் கண் மூடியிருந்தது. அதை வேறு யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன். "தெரியல்ல" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ உருண்டைபிடித்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வாயைத் திறந்து திறந்து மூடினான். "அப்ப அதுக்கு ஒரு வலை வேணும்லா" என்றாள்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வரும்போது முற்றத்தில் நீல மலை ஒன்று இருந்தது. கடற்கரையில் வலை சரிசெய்யும் மாமா ஒருவரிடம் கேட்டு, இனி கடலுக்கு உதவாத வலைகளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். சின்ன மீனுக்கான வலை அது, கண்கள் மிக நெருக்கம். அதனால் அதை அப்படியே கட்டாமல் ஓரக் கயிறுகளை மட்டும் உருவிப் பிரித்தாள். மீன்வலைக்குப் போடும் முடிச்சு அவளுக்குத் தெரியாது. அந்த மாமாவையே மறுபடி தேடிப்போனாள். நானும் கூடப் போனேன். "யக்கா, மீனா பிடிக்கப் போறிய?" என்று அவர் சிரித்தார். பந்து பிடிக்கப் போவதாக அம்மா சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எவ்வளவு பெரிய பந்து, எவ்வளவு வேகம் என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விரல் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயால் குறைவாகத்தான் பேசுகிறார்கள். திரும்பும்போது அம்மாவிடம் வலை பின்னும் ஊசி ஒன்று இருந்தது. வழியெல்லாம் அதைக் காற்றில் ஓட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த நாட்களில் எங்கள் வீடு நடந்த விதத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அடுப்பில் வைத்த பயறு கரிந்தது. தம்பிக்கு அப்போது இரண்டு வயது, விட்டால் கிணற்றடிக்கு ஓடுவான். அவனை வலைக்குள்ளேயே உட்காரவைத்து, அவனைச் சுற்றி அம்மா முடிந்துகொண்டே போவாள். ஒரு நாள் மதியம் அவன் பாலுக்கு அழுதபோது பார்த்தால் வெளியே எடுக்க வழியில்லை. நாலாபக்கமும் முடிந்தாகிவிட்டது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, எட்டு முடிச்சை அவிழ்த்து அவனை எடுத்தாள். வேலை முடிந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றுவதற்குள் அவர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். அவர் கையை நீட்டியபடியே, ராத்திரிக்குக் கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டார். கையைக் கொடுத்துவிட்ட ஆள் எப்படிக் கஞ்சி வைப்பார் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஆறாம் நாள் முதல் வலை தயாராயிற்று. முற்றத்து இரண்டு தென்னைகளுக்கு நடுவே அதை விறைப்பாகக் கட்டினோம். வீணைத் தந்தி மாதிரி நின்றது. அம்மா பின்னால் தள்ளி நின்று பார்த்து, அடி என்றாள். ஓங்கி அடித்தேன். பந்து வலையில் பட்ட வேகத்திலேயே திரும்பி வந்து, என்னைத் தாண்டி, வாசலில் வைத்திருந்த இட்லி மாவுச் சட்டியைக் கவிழ்த்தது.

எனக்குச் சந்தோஷம். வலை அறுந்துபோகவில்லை. ஆனால் அம்மாவுக்குத் திருப்தியில்லை. மாவைக்கூடத் துடைக்காமல் வலையின் முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். உள்ளே தம்பியின் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதில் கையைப் போட்டு அழுத்தினாள். அது குழிந்து கையை வாங்கிக்கொண்டது.

"திரும்பி வரப்பிடாது ஏட்டி. வந்தா மறுபடியும் சண்டைதான். அது அங்கயே தங்கணும்."

சொல்லிவிட்டு ஆறு நாள் வேலையையும் அவிழ்க்கத் தொடங்கினாள். போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. நான் அழுதேன். உனக்குப் பைத்தியம் என்று சொன்னேன் என்றும் நினைக்கிறேன். அவளுக்கு அது காதில் விழவில்லை. வலைக்கண்ணைப் பெரிதாக்கி, கீழ்ப்பக்கம் அகலமாக, தொங்கலாக, புதிய கணக்கில் முடிந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது கவலை இல்லை. திருவிழாவுக்குப் புறப்படுகிற பிள்ளையின் முகம் அது.

புதிய வலை தொங்கலானதால் கயிறு அதிகம் இழுத்தது. ஒரு கோலுக்கு நீலக் கயிறே சரியாகப்போயிற்று. இரண்டாவது பாதியிலேயே நின்றது. அதற்குமேல் அவள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் சேர்த்தாள். தும்புக் கயிறு, தன் பழைய சிவப்புப் புடவையைக் கீறி முறுக்கிய நாடா, சித்தப்பாவின் பச்சைக் கம்பளி, யாரோ வீசிய மஞ்சள் கட்டுக்கயிறு. சிலிண்டர் தன் பாவாடையை இழந்தது. வலை முடிந்தபோது என் சோற்றுப் பையை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. மறுபடியும் அழுதேன். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றேன். "சிரிக்கட்டு, பந்து தங்குதான்னு பாரு" என்றாள்.

போட்டியன்று கூட்டம் வந்துவிட்டது. மணவாளக்குறிச்சியிலிருந்துகூட ஆள் வந்திருப்பதாகப் பேச்சு. பி.டி. டீச்சர் நாற்காலி போட, அம்மா அதில் ஏறி நின்று வலைகளைக் கட்டினாள். பின்னால் சவுக்குக் கம்பு நட்டு, இழுத்தும் தளர்த்தியும் பார்த்தாள். எதிர் அணி வந்து இறங்கியதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. நேராக அந்தப் பலநிற வலைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் எண் பெண் அதன் முன்னால் நின்று தன் டீச்சரின் மொபைலில் படம் எடுத்துக்கொண்டாள். எனக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை.

முதல் பாதியில் நீல வலை என்னுடையது. இரண்டு பந்துகளைப் பிடித்தேன். ஒன்றை முகத்தால் தடுத்தேன். பற்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து ஆடினேன். மைதானம் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கத்திற்று. கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் பக்கம் மாறி, பலநிற வலையின் முன்னால் போய் நின்றேன். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பத்துக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். எனக்குத் துணையாக நிற்கிறாள் என்று எண்ணித் தைரியமடைந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். அதே பெண், அதே இடது ஓரம். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். பந்து என் விரல் நுனியை உரசிக்கொண்டு போனது. பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம். விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். வலை பின்னுக்குப் புடைத்து, பந்தை மடியில் வாங்கி, ஒரு கணம் அப்படியே வைத்திருந்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டது. யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பந்து அங்கே இருந்தது.

எங்கள் ஊர்க்கூட்டம் முழுக்க வாயடைத்து நின்றது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கைதட்டினாள். தம்பியைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, என் அம்மா.

"தங்கிட்டு" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "பாத்தியளா, தங்கிட்டு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மணலுக்குள் புகுந்துவிடலாம்போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களும் நீல வலையில் ஒன்று போட்டார்கள். அதற்கும் தட்டினாள். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது என் கால்களுக்கு நடுவே இன்னொன்று போயிற்று. அதற்கும் தட்டினாள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அன்று மைதானத்தில் மூன்று கோலுக்கும் ஒரே மாதிரி கைதட்டிய ஆள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் முன்னால் நடந்தேன். அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பொறுக்கமுடியாமல் திரும்பி நின்று கேட்டேன்.

"நீ யாருக்க பக்கம்?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "நான் வலைக்க பக்கத்துலதான மக்கா நின்னேன்" என்றாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. அப்பா வந்து, நீ பிடித்த இரண்டும் நல்ல பிடி, மூக்கால் தடுத்தது அதைவிட நல்லது என்றார். அதுவும் ஆறுதலாக இல்லை.

மறுநாள் காலை மணியடிப்பதற்கு வெகுமுன்பே பள்ளிக்குப் போனேன். முந்தின நாளின் இடத்தைத் தனியாக ஒரு முறை பார்க்கவேண்டும்போல் இருந்தது. அங்கே அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். பந்து பட்ட இடத்தில் ஒரு முடிச்சு நகர்ந்திருந்ததாம், சரிசெய்துகொண்டிருந்தாள். வலைக்குள் தம்பி உட்கார்ந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவனைத் தூக்கி வெளியே வைத்தாள். பந்து ஓரமாகக் கிடந்தது.

"இஞ்ச பாரு, அந்தப் பிள்ள அடிச்ச எடத்துலயே ஒண்ணு அடி."

என் கோபம் முழுவதையும் காலுக்குக் கொண்டுவந்து அடித்தேன். பந்து உள்ளே போயிற்று. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகப் பின்னுக்குப் போய், புடைத்து நின்று, இறங்கின. எனக்கு ஒரு கணம் அவளைப் பழிவாங்கிவிட்டதுபோல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் அதே இடத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தன் தோழிகளை நோக்கி ஓடிய ஒன்பதாம் எண் பெண்ணின் முகம் அது. தோற்ற ஊரில், தோற்ற பிள்ளையின் தாய்க்கு அது எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளும் அடுப்பும் போக மிச்சமிருந்த நேரத்தில் அவளும் ஒரு கோல் போட்டிருந்தாள் என்பதும், அதற்குக் கைதட்ட வேறு யாருக்கும் தோன்றாததால்தான் தானே தட்டிக்கொண்டாள் என்பதும் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

"இன்னொண்ணு அடிக்கட்டா?" என்று விறைப்பாகக் கேட்டேன்.

"அடி" என்றாள்.