கரிக் கை

நான் புலம்பெயர்ந்து வாழும் பென்டில் ஹில்லில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கராஜில் உட்கார்ந்து, தன் ரைஃபிளின் இரும்பை மெழுகுதிரிச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை வாசம் போதும். நான் மறுபடி வன்னியில், சின்னப் பிள்ளையாக இருந்தேன்.

பயிருக்குள் வரும் பன்றி கலைக்கும் துவக்குக்கு அப்பா மரத்தில் புதுப்பிடி செதுக்கிய நாட்கள் அவை. விளக்குக் கரியைத் துவக்கின் இரும்பில் பூசி, பிடியின் குழிக்குள் அமர்த்தி எடுப்பார். மரத்தில் கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி அமர்த்துவார். இரும்பு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டுமென்று ஒரு வாரமாக இதே வேலை. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், எட்டு வயதுக்காரி நான், அந்தக் கரியை ஊத்தை என்று நினைத்து ஈரத்துணியால் குழியைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மரம் ஊறி உப்பிவிட்டது. இரும்பு உள்ளே இறங்கவேயில்லை.

“ஆர் துடைச்சது?” என்றார் அப்பா.

அம்மா என் கரிக் கையைத் தன் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, “நான்தான்” என்றார்.

“துவக்கைக் குளிப்பாட்டின மனுசி” என்று சாகும்வரை அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் கூடச் சிரிப்பார். நான் வாய் திறந்ததில்லை.

கராஜிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு இப்போது ஆட்களே மறந்துபோகிறார்கள். “அம்மா, அண்டைக்குத் துவக்கைத் துடைச்சது நான்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தன் போர்வைக்குள் இழுத்தார்.

“மெல்லக் கதை, அப்பாவுக்குக் கேட்டிடும். நான் துடைச்சனெண்டு சொல்லுறன்.”