பயணம் சொல்லிப் போனவன் திரும்பியபோது

என் தம்பி நிஸாருக்கு நோய் தொடங்கியதன் முதல் அடையாளம், அவன் சாப்பாட்டைக் குறை சொல்வதை நிறுத்தியதுதான். மெட்ராஸில் கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில் வந்த கடிதங்களில் எல்லாம் ஒரே பாட்டு. மீன் இல்லை, தேங்காய்ச் சம்பல் இல்லை, மூன்று வேளையும் புளித்த ஏதோ ஒன்று. பிறகு வந்த கடிதங்களில் அந்தப் பேச்சே இல்லை. "பழகிட்டான், புள்ள பழகிட்டான்" என்று உம்மா சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். பயப்பட்டிருக்க வேண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பிவிட்டு, அங்கே அது நோயில் விழுந்துவிட்டது என்ற செய்தியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இலங்கையில், மாத்தளைக் கடைத்தெருவில் வாப்பாவின் மிளகு, கராம்புக் கடையில் உட்கார்ந்தவன். வைத்தியர்கள் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில்தான் சொல்ல முடியும்.

நிஸார் எங்கள் வீட்டின் கடைசிப் பிள்ளை. விஞ்ஞானத்தைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துப் பாஸ் செய்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அறுபதுகளின் பின்பாதி அது. மெட்ராஸில் புகுமுக வகுப்புப் படித்தால் அப்படியே டாக்டர் படிப்புக்குப் போகலாம் என்று யாரோ சொல்ல, வாப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கயும் தமிழ் பேசுற ஆக்கள்தானே. லண்டனுக்கா அனுப்புறோம்?" என்றார்.

பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அது பெரிய விஷயமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கத்து வீடு எல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும். வீட்டார் துஆச் செய்து, தலையைத் தடவி, ஒரு கைக்குட்டையோ அத்தர் போத்தலோ கையில் வைப்பார்கள். வாப்பா நிஸாரை ஒரு வீடு விடாமல் கூட்டிப் போனார். பலாபத்வலையில் பெரியும்மா வீடு வரைக்கும் போனோம். "இன்ஷா அல்லாஹ், டாக்டராத்தான் வருவான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். தம்பி பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷமே கல்லூரியிலிருந்து தந்தி வந்தது. தம்பிக்குச் சுகமில்லை, வீட்டார் ஒருவர் உடனே வரவும். சரக்கு விஷயமாக முன்பு எடுத்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்ததால் நான் புறப்பட்டேன். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மறுபடி ரயில். வழி முழுக்க நான் அவனை விதவிதமாகச் சாகடித்துக்கொண்டே போனேன். லொறி மோதியிருக்கும், கொலரா வந்திருக்கும், கடலில் குளிக்கப் போயிருப்பான். உண்மையில் வந்திருந்த நோய் மட்டும் என் நினைப்பில் வரவில்லை.

விடுதி அறையில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். குளித்துப் பல நாள் ஆகியிருக்கும் என்று வாசலிலேயே தெரிந்தது. "நிஸார்" என்றேன். மெல்லத் திரும்பினான்.

"வாப்பாவும் வந்தாங்களா?"

"இல்ல."

"சரி" என்று மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டான்.

அந்தக் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவரும் ஒரு பேராசிரியர்தான். எந்தப் பாடம் எடுப்பது, விசா முடிந்தால் என்ன செய்வது, வீட்டு நினைப்பு வந்தால் யாரிடம் சொல்வது, எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் அவரிடம் போக வேண்டும். தந்தி அடித்தவர் அவர்தான். அவர் அறைக்குள் போய் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க. நீங்க நின்னா நானும் நிக்கணும், எனக்கு முழங்கால் வலி" என்றார்.

நான் உட்கார்ந்ததும் சொன்னார்: "மலேயாப் பையன், பிஜிப் பையன், ஆப்பிரிக்காப் பையன் எல்லாரையும் வந்த முதல் வாரமே கூப்பிட்டுப் பேசுவேன். வகுப்பு புரியுதா, சாப்பாடு ஒத்துக்குதான்னு கேப்பேன். உங்க தம்பி தமிழ்ல நல்லாப் பேசினான். நம்ம பையன்தானேன்னு விட்டுட்டேன். வெளிநாட்டுப் பையன்னு தோணவே இல்லைங்க."

"அவனுக்கும் தோணியிருக்காது சேர்."

"முதல் நாள்லேர்ந்தே பாடம் புரியலை. மலேயாப் பையனுக்குப் புரியலைன்னா அவன் வேற ஊர்க்காரன். இவனுக்குப் புரியலைன்னா தான் முட்டாள்னு நினைச்சிருக்கான். பக்கத்து பெஞ்சுல எல்லாரும் தமிழ்தானே பேசறாங்க. யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?"

அவரே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார். டிப்ரெஷன் (மனம் முழுக்கச் சோர்ந்து, தூக்கம், பசி, பேச்சு எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் நோய்) என்று சொன்னாராம். அப்படி ஒரு நோய் இருப்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். சோம்பலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

"படிப்பை இப்ப மறந்துடுங்க. ஒரு வருஷம் அவன் இடத்தை வச்சிருக்கச் சொல்றேன். அப்புறம் வந்து சரித்திரம் எடுக்கட்டும், தமிழ் எடுக்கட்டும், பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு. ஊருக்குப் போனதும், உடம்பு சரியில்லாம வந்திருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. தோத்துட்டோம்னு அவன் மனசுல இருக்கு. நீங்க மறைச்சீங்கன்னா அது நிசம்னு ஆயிடும்."

ஒரு வருஷ இடம், மறைக்கக் கூடாது என்ற இரண்டு பேச்சையும் நான் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். அனுராதபுரத்தில் ரயிலிறங்கி பஸ்ஸில் தம்புள்ளைக்கு வந்தபோது, வாப்பா சந்தியில் ஒரு லொறியோடு நின்றிருந்தார். வருகிறோம் என்று முன்னமே தந்தி கொடுத்திருந்தேன். லொறி எதற்கென்று விளங்கவில்லை. நிஸாரைத் தேத்தண்ணிக் கடையில் உட்கார வைத்துவிட்டு, ஆலோசகர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"ஊட்டுக்கு எப்பிடிக் கூட்டிப் போற?" என்றார் வாப்பா. "அத்தன ஊட்டுல பயணம் சொல்லிட்டுப் போன புள்ள. ஒவ்வொருத்தனும் என்னத்துக்கு வந்தண்டு கேப்பான். கேட்டுக் கேட்டே இவன முடிச்சிருவாங்க. ஒரு வருசம் இடம் ஈக்கிதுண்டு சொல்றியே. அதுவரைக்கும் வில்கமுவயில மாமாட்ட ஈக்கட்டும். சொகமானதும் அங்க இருந்தே கப்பலேத்துவோம். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

அதில் கோபமோ வெறுப்போ இல்லை. பிள்ளையை ஊர் வாயிலிருந்து காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது. கூப்பிட்டதும் நிஸார் எழுந்து வந்து லொறியில் ஏறினான்.

வில்கமுவையில் உம்மாவின் தம்பி காசிம் மாமாவுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு சின்னக் கடையும் இருந்தன. பஸ் எப்போதாவதுதான் வரும். அமைதியான இடம் நோய்க்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்களே, அதை நம்பினோம். முதலில் கொஞ்சம் தேறினான்தான். மாமாவோடு வயலுக்குப் போனான். பக்கத்துச் சிங்கள வெதமாத்தயா (நாட்டு வைத்தியர்) தலைக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். மாத்தளைப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உம்மா போகவில்லை. உம்மா வீட்டை விட்டு நாலு நாள் போனால் ஏனென்று தெரு கேட்கும். "மவன் காயிதம் போடுறானா?" என்று யாராவது கேட்டால் "போடுறான், சொகமாம்" என்பார். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பார். தெருவே அவனுடைய பரீட்சைக்காகத் துஆச் செய்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மாத்தளை நெல் வியாபாரி ஒருவர் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா அவசரமாக நிஸாரை உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்தினார். வந்தவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "ஒங்க மருமவன் மெட்ராஸ்ல எப்பிடி?" என்று கேட்டார். "நல்லாப் படிக்கிறான்" என்றார் மாமா. அவர் போனபின் கதவைத் திறந்தபோது நிஸார் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நான் இஞ்ச இல்லதானே?"

மாமா சிரித்துவிட்டார். "இல்லதான் மவன், நீ மெட்ராஸ்ல."

பகிடி என்றுதான் மாமா நினைத்தார். அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கத் தொடங்கினான். கெஞ்சினால், "இல்லாதவனுக்கு என்னத்துக்கு மாமா சோறு?" என்பான். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றது.

மாமா ஆளனுப்ப நான் போய்ப் பார்த்தேன். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. தன் கையையே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய்த் தண்ணீர் ஊட்டினேன். அது கடைவாயால் வழிந்தது. வாப்பாவிடம் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அன்று செய்ததுதான். மாமாவின் லொறிக்காரச் சிநேகிதனைப் பிடித்து நேரே கண்டிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மனநோய் வைத்தியர் சிங்களவர், தமிழும் பேசுவார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஊருக்கு வந்த பிறகு இவரை யாரெல்லாம் பார்த்தாங்க?" என்றார்.

"யாருக்கும் தெரியாது டொக்டர். மெட்ராஸ்ல ஈக்கிறான்டு சொல்லி வச்சிருக்கோம்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப இவர் சொல்றது சரிதானே? இல்லைன்னு நீங்களும் சொல்றீங்க, அவரும் சொல்றார்."



உடனே வார்டில் சேர்த்தார்கள். சாப்பிடாமல் கிடந்ததால் மாத்திரைக்குக் காத்திருக்க நேரமில்லை என்று மின்னதிர்ச்சி (தலையில் சிறிது மின்சாரம் பாய்ச்சி, ஒரு சிறு வலிப்பை வரவழைத்து மனதை அசைக்கும் வைத்தியம்) கொடுத்தார்கள். கேட்டால் குலை நடுங்கும். நடைபாதையில் தள்ளுவண்டிச் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சில தடவைகளுக்குப் பிறகு அவன் என்னைப் பார்த்து, "தண்ணி" என்றான். பெயருக்குப் பயந்து இந்த வைத்தியத்தை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். அதே நேரம், அது எடுத்துக்கொண்டு போவதையும் தெரிந்து வைத்திருங்கள். நினைவில் ஓட்டை விழும். நிஸாருக்கு மெட்ராஸும் வில்கமுவையும் அநேகமாக முழுதாகப் போய்விட்டன.

உம்மா வந்தார். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று வந்தார். பிறகு ஒரு நாள் வாப்பாவும் வந்து, வார்டுக்குள் போகாமல் நடைபாதை வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மெட்ராஸ் சேர் வேற என்னமோ சொன்னாருண்டு சொன்னியே. அது என்ன?"

மறைக்கக் கூடாதென்று ஆலோசகர் சொன்னதை மறுபடி சொன்னேன்.

"அண்டைக்குத் தம்புள்ளையிலயும் இதத்தான் சொன்னியா?"

"ஓம் வாப்பா."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் உள்ளே போனார்.

வீட்டுக்கு அனுப்பியபோது கார் பிடிக்கலாம் என்றேன். வாப்பா வேண்டாமென்றார். பகல் பஸ்ஸில் வந்து இறங்கி, கடைத்தெரு வழியாக நடந்தோம். வாப்பா அவன் கையைப் பிடித்திருந்தார். எங்கள் கடைக்கு எதிரே புடவைக்கடை ஹனீபா நானா. யாரையும் சீண்டாமல் விடமாட்டார்.

"என்னடா நிஸார், அதுக்குள்ள டொக்டராகிட்டியா? வா, எனக்கு ஒரு ஊசி போட்டு விடு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். வாப்பா நின்றுவிட்டார். மாத்திரையால் தம்பிக்கு நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"இல்ல ஹனீபா நானா. நோயாளியாகிட்டு வந்திருக்கேன்."

ஹனீபா நானா அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தார். "என்ன மவன், என்ன செய்யிது?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அத்தனை மாதம் அவனை ஒளித்து வைத்திருந்தோம்.

அதோடு எல்லாம் நல்லபடியாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். பார்க்க வந்தவர்களும் உண்டு, முதுகுக்குப் பின்னால் பைத்தியம் என்றவர்களும் உண்டு. ஒரு வருஷம் முடிய, மெட்ராஸ் ஆலோசகர் நலம் விசாரித்து எழுதினார். வரமாட்டான் என்று நான் பதில் போட்டேன். படிப்பு அத்தோடு போயிற்று. ஒரு பக்கம் வாசித்தால் மேலே படித்தது கீழே வரும்போது அவனிடம் இருப்பதில்லை. நோய் பிறகும் இரண்டு தடவை வந்தது. இப்போது காலையில் கடையில் இருப்பான். கை நடுங்குவதால் தராசைத் தொடுவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு படுத்துவிடுவான். பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

வயது கேட்டால் ஒன்று குறைத்துத்தான் சொல்வான். அந்த ஒரு வருஷம் தான் எங்கேயும் இருக்கவில்லை என்பது அவன் கணக்கு. வைத்தியர் சீட்டு எழுதும்போதும் அப்படித்தான் சொல்கிறான். நான் திருத்துவதில்லை. அந்த வருஷம் என்னிடம் இருக்கிறது. அவன் முழங்கையைப் பிடித்துப் படியேற்றும்போது வில்கமுவையில் அவனைத் தூக்கியபோது தொட்ட எலும்பு என் விரலில் இடறுகிறது. சதை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் இடறுகிறது. அவன் மறந்துபோன நாட்களை என் உடம்பு ஒவ்வொன்றாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அவனுக்குக் குறைந்த அந்த ஒரு வயது எனக்குக் கூடியிருக்கிறது.