கை நனைக்காத விருந்தாளி

என் மகள் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் வாழ்க்கைப்பட்டவள். வேளாண்மைக் கல்லூரியில் கூடப் படித்தவனையே கட்டிக்கொண்டாள். அவன் மலைக்காரன். மிளகும் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கிற குடும்பம். நான் அடிவாரத்துக்காரன், கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு போன சில தடவைகளிலும் அந்த வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். நனைத்துவிட்டால் உறவுக்குச் சம்மதம் என்று அர்த்தம். கல்யாணமாகிப் பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் நான் கை நனைக்கவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை, மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பேன். என் வயிற்றுக்கு எந்தக் கேடும் இல்லை. அந்த ஊற்றுத் தண்ணீர் என் வீட்டு போர் தண்ணீரைவிட நூறு மடங்கு நல்லது என்பதும் எனக்குத் தெரியும். அதைத்தானே காலமெல்லாம் பாடமாகச் சொன்னேன். சாதிதான் காரணம்.

போன வருஷம் மே மாதம், லீவு முடியும்வரை பேத்தியை என்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அவள் என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. மகளிடம் போனில் கேட்டேன். "வாங்கப்பா, அவளும் வரோணும்னுதான் குதிக்கறா" என்றாள். மகனையும் அவனுடைய இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பினேன்.

சேந்தமங்கலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தயிர்சாதப் பொட்டலங்களும் ஒரு கேன் தண்ணீரும் வாங்கினேன்.

"அக்கா ஊட்டுக்குப் போறோம். ஓட்டல் சோறு எதுக்குங்கப்பா?" என்றான் மகன்.

"பசங்களுக்கு மலைத் தண்ணி ஒத்துக்காது."

"பசங்களுக்கா, உங்களுக்கா?"

பொட்டலங்களை மடியிலேயே வைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வீட்டு முன்னால் பலாமரத்தடியில் பேத்தி நின்றிருந்தாள். உள்ளங்கை நிறைய எண்ணெய் பூசிக்கொண்டு, பிளந்து வைத்த பழத்திலிருந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். பையன்கள் இறங்கி ஓடியதும், "எண்ணெ தடவாம தொடாதீங்கடா! பால் ஒட்டிக்கிட்டா அப்புறம் மூஞ்சியில கையையே வைக்க முடியாது" என்று அதட்டினாள். சின்னவன் கேட்காமல் தொட்டு, மூக்கைச் சொறிந்து, பிசுபிசுவென்று நின்றான். மூன்று பேரும் உருண்டு சிரித்தார்கள். அவளுடைய துணிப்பை ஏற்கெனவே வாசற்படிக்கு வந்திருந்தது.

மருமகனுடைய அக்கா பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அன்று சமைத்தது அவள்தான். நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, சாமைச் சோறு ஆக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா. இந்த வாட்டியாவது வயிறு சரியா இருக்குதுங்களா?" என்றாள்.

"எனக்குச் சாப்பாடு இருக்குது" என்று பொட்டலத்தைக் காட்டினேன்.

"அது தெரியுமுங்க. கோழிக்குத்தான் தெரியல, பாவம், செத்துப்போச்சு."

மருமகன் தலையைக் குனிந்து இலை போட்டான். மகனும் பையன்களும் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு பெரியவனைக் கூப்பிட்டேன். "தாத்தா, கோழிக்கொழம்ப விட்டுட்டு அத யாரு திம்பா?" என்றான். வந்த கோபத்தில் உள்ளே போய் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினேன். பிசைந்த சோறு அவன் கையிலிருந்து தரையில் விழுந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, எங்க சோத்துல என்னங்க இருக்குது?" என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள் அவள் அத்தை. "உங்க அப்புச்சி பெரிய படிப்புப் படிச்சவரு. நம்ம சோத்தத் தொடாமயே அதுல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிச்சுருவாரு."

மகன் என் கையைத் தட்டிவிட்டுப் பையனை மறுபடி உட்கார வைத்தான். நான் வாசலுக்கு வந்து தயிர்சாதத்தைத் தின்றேன். புளித்துப்போயிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பேத்தி தானே பையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தாள். கிளம்பலாம் என்றேன். மருமகனுடைய அக்கா கார்க் கதவை மறித்து நின்றாள்.

"எங்கூட்டுத் தண்ணி ஆகாது. சோறு ஆகாது. அதத் தின்னு வளந்த புள்ள மட்டும் ஆகுமாக்கும்?"

"அவ எம் பேத்தி. எம் மககிட்டக் கேட்டாச்சு. நடுவுல நீ யாரு?"

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மருமகன், "எங்கக்காவ நீ, வான்னு பேசாதீங்க மாமா" என்றான்.

மகள் என் முன்னால் வந்து நின்றாள். "அங்க இவளுக்கு எந்தத் தட்டுல சோறு போடுவீங்கப்பா?"

மருமகன் ஒரே ஒரு தடவை, மகள் இல்லாமல் தனியாக, என் வீட்டுக்கு வந்திருக்கிறான். அன்று எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு. அவனுக்கு மட்டும் கடையில் வாங்கிய காகிதத் தட்டு. மகளிடம் அவன் சொல்லியிருக்கமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

பேத்தி கைவிட்டுப் போகிறாள் என்று மட்டும் புரிந்தது. திரும்பி நடந்து போய் அவர்கள் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்தேன். "சரி, போடுங்க. சாப்பிடறேன்" என்றேன். என் குரலில் அப்போதும் அதிகாரம்தான் இருந்தது.

"சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தாச்சுங்க" என்றாள் மருமகனுடைய அக்கா. "புள்ளயக் கூட்டீட்டுப் போறதுக்கோசரம் எங்கூட்ல யாரும் சாப்பிட வேண்டாம்."

மகள் காரிலிருந்து பையை எடுத்து உள்ளே வைத்தாள். பேத்தி அலறினாள். என்னைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. "நீதான் என்னைய அனுப்ப மாட்டேங்கற! நீ கெட்ட அம்மா!" என்று மகளின் இடுப்பில் குத்தினாள். மகள் அடிகளை வாங்கிக்கொண்டு நின்றாள். "அம்மா மேல தப்பில்ல கண்ணு, என்னாலதான்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு என்மேல் பிரியம் குறையாமல் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன். அன்று செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

இந்த மே மாதம் மகன் தன் பையன்களோடு மலைக்குப் போனான். என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் அங்கே இருக்கும்போது மகளுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நடந்ததற்கு நான்தான் காரணம் என்று பேத்தியிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"அவளுக்குத் தெரியுமுங்கப்பா" என்றாள் மகள். "ஏன் அப்புச்சி ஊட்டுக்கு அனுப்பலைன்னு வருஷம் பூராக் கேட்டுட்டே இருந்தா. காகிதத் தட்டு வரைக்கும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அதுக்கப்புறம் கேக்கறதில்ல. பக்கத்துலதான் இருக்கறா, குடுக்கட்டுமா?" என்றாள்.

பின்னால் பையன்களோடு பேத்தி ஏதோ சண்டை போடும் சத்தம் கேட்டது. அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.