இருபது பவுண்டுக்கு மேல் கூடாது

லெம்பி நிஸ்கனென் வாயைத் திறந்தால் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இரும்புச் சுரங்க ஊர் ஒன்றில் பாதிப் பேர் ஒதுங்கிப் போவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊரார் பேச்செல்லாம் அவள் காதைத் தொட்டுத்தான் போகும். ஆளோ குச்சி. ஒல்லியாக இருப்பதைத் தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள். கணவன் உர்ஹோவின் அக்கா சைமி நேர்மாறு. நான்கு பையன்களைப் பெற்றவள், ஒவ்வொருவனுக்கும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். “சைமி வந்தா நாற்காலிக்குத்தான் பிரசவ வலி” என்று லெம்பி எக்ஸ்சேஞ்சில் சொல்லிச் சிரித்தது ஊருக்கே தெரியும். சைமிக்கும் தெரியும்.

1959இல் லெம்பிக்கு நாள் தள்ளிப்போனது. வயிறு தெரிய ஆரம்பித்ததுமே எக்ஸ்சேஞ்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிறு தெரிந்தால் கம்பி வழியாகப் பேசுபவர்களுக்கு என்ன கேடு என்று யாரும் விளக்கவில்லை.

ஊரில் பிரசவம் பார்ப்பவர் டாக்டர் பிரென்டிஸ். சட்டைப் பொத்தான்கள் மூச்சுமுட்டப் பிடித்து நிறுத்தியிருந்த தொந்தியோடு நாற்காலியில் சாய்ந்து, பெண்களின் வயிற்றுக்கு வரம்பு கட்டியவர் அவர்தான்.

“இருபது பவுண்டு. கடைசி நாள் வரைக்கும் அவ்வளவுதான் ஏறணும். அதுக்கும் கம்மின்னா எனக்கு இன்னும் சந்தோஷம். குழந்தை சின்னதா இருந்தா சுலபமா வெளிய வரும், உன் இடுப்பும் கெடாது. உன் புருஷன் எனக்கு நன்றி சொல்லுவான், பாரு.”

உப்பு கூடாது, ரொட்டி கூடாது, உருளைக்கிழங்கைக் கண்ணால் பார்க்கக்கூடாது. பசியை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்.

“அப்பவும் பசிச்சா, டாக்டர்?”

“ஒரு சிகரெட் பத்த வெச்சுக்கோ.”

படித்த மனிதர், சுவரில் சட்டம் போட்ட பட்டங்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கர்ப்பிணிக்குச் சொன்ன வைத்தியம் இது.

மாதாமாதம் எடை பார்க்கையில் அங்கே நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். வயிறு தள்ளிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலணியைக் கழற்றுவார்கள். தோடு, கைக்கடிகாரம், கல்யாண மோதிரம் எல்லாம் கைப்பைக்குள் போகும். முதல் நாளே வீட்டு சவுனாவில் நீராவிக்குள் உட்கார்ந்து வியர்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவர்களும் உண்டு. தராசில் ஏறியதும் நர்ஸ் எடையைக் கூடத்துக்கே கேட்கும்படி கத்துவாள். கூடிப்போனவள் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வருவாள். குறைந்தவளோ பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியவள்போல் தலை நிமிர்ந்து வருவாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் பரிசு லெம்பிக்குத்தான். “இவளைப் பாத்துக் கத்துக்கோங்க” என்று பிரென்டிஸ் அவள் தோளைத் தட்டினார். அதற்கு அவள் பூரித்துப்போனாள். பிற்காலத்தில் அதை நினைத்தால் காறித் துப்பத் தோன்றும் அவளுக்கு.

வீட்டில் மாத்திரை வேறு வேலை செய்தது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உட்கார முடியாது. துடைத்த அலமாரியையே மறுபடி துடைப்பாள். உர்ஹோ சுரங்கத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், கறி வாசனை தாங்காமல் கொல்லைப்பக்கம் போய் சிகரெட்டோடு நிற்பாள்.

“ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்னு சொல்லுவாங்களே, லெம்பி?”

“யாரு, உங்க அக்காவா? அவ எட்டுப் பேருக்குச் சாப்பிடுவா.”

அந்த அக்கா ஒருநாள் ஏலக்காய் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்தாள். லெம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன பொண்ணே, வயித்தைத் தவிர எல்லாம் வத்திப்போச்சு உனக்கு?”

“டாக்டர் சொல்றபடி இருக்கேன். எனக்கு உன் உடம்பு வேண்டாம் சைமி.”

“என் உடம்பை யார் குடுத்தா? ரொட்டியைத்தானே குடுத்தேன்” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள் சைமி. அதை உர்ஹோ தின்றான்.

குழந்தை பிறந்தது. பெண். நாலரைப் பவுண்டு. அழுததோ இல்லையோ, லெம்பி அதன் முகத்தைப் பார்ப்பதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரென்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பாத்தியா, எவ்வளவு சுலபம்! நீ ஏறினது மொத்தமே பன்னிரண்டு பவுண்டு. பழைய பாவாடையிலேயே வீட்டுக்குப் போகலாம்.”

பழைய பாவாடையில்தான் போனாள். அது இடுப்பில் நிற்காமல் நழுவியது. கையில் பிள்ளை இல்லை.

வாரக்கணக்கில் பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். கட்டைவிரல் தடிமனில் ஒரு கை ஆடும், வாய் திறந்து மூடும், சத்தம் மட்டும் வராது. சைமியும் கூட வந்து நின்றாள். நாற்காலிப் பேச்சுக்கெல்லாம் சேர்த்து இன்று வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று லெம்பி காத்திருந்தாள். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

“சொல்லு சைமி. சொல்லித் தொலை.”

“என்னத்தைச் சொல்ல? மூக்கு அப்படியே உர்ஹோ மூக்கு. பொம்பளப் பிள்ளைக்கு அது வேண்டாம்.”

லெம்பி அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு சைமியின் உடம்பைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

குழந்தை இர்யா தேறிவிட்டாள். இளைப்பும் சளியுமாக ஒவ்வொரு குளிர்காலத்தையும் இழுத்துக்கொண்டு தாண்டினாள்.

மூன்று வருடம் கழித்து லெம்பி மறுபடி உண்டானாள். இந்தத் தடவை சைமியின் ரொட்டிக்கு மேசையில் ஆறுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. பிரென்டிஸிடம் போனாள். ஊரில் வேறு டாக்டர் இல்லை. நர்ஸ் எடையைக் கத்தியதும் அவரே அறையிலிருந்து வெளியே வந்தார்.

“ஒரே மாசத்துல ஆறு பவுண்டா! வெக்கமா இல்ல உனக்கு? போன தடவை எவ்வளவு அழகா கட்டுப்பாடா இருந்தே!”

கூடத்தில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். லெம்பி அவருடைய பொத்தான்களைப் பார்த்தாள்.

“எனக்கு ஆறாவது மாசம், டாக்டர். உங்களுக்கு எத்தனாவது?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் கூடமே குலுங்கியது. நர்ஸ்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“வேற டாக்டரைப் பாத்துக்கோ” என்றார் பிரென்டிஸ். அவர் காது மடல் சிவந்திருந்தது.

“அதான் கிளம்பிட்டேன்.”

பக்கத்து ஊர்ச் சுரங்க ஆஸ்பத்திரிக்கு சைமி காரோட்டிக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டர் பெரிய ஞானி ஒன்றும் இல்லை. பேஸ்பால் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுவார். ஆனால் அவள் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. எட்டரைப் பவுண்டில் பையன் பிறந்தான். லேசில் பிறக்கவில்லை. ஒரு பகலும் பாதி ராத்திரியும் லெம்பியைப் புரட்டி எடுத்துவிட்டுத்தான் வந்தான். ‘சொன்னேன், கேக்கல, பட்டா’ என்று பிரென்டிஸ் முடிவெட்டும் கடையில் சொன்னாராம்.

“பட்டேன்தான். ஆனா பிள்ளையைக் கையோட வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போய் அவர்கிட்ட சொல்லு” என்று சேதி கொண்டுவந்தவனை அனுப்பினாள் லெம்பி.

வருடங்கள் ஓடின. பிரென்டிஸ் ஓய்வு பெற்றபோது ஊர் விருந்து வைத்துப் பாராட்டியது. லெம்பி போகவில்லை. 1984இல் இர்யா கர்ப்பமாகி டுலூத் நகரத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கப் போனாள். லெம்பியும் கூடப் போனாள்.

“எடை போதாது இர்யா. குறைஞ்சது இருபத்தஞ்சு பவுண்டாவது ஏறணும். நல்லா சாப்பிடு. சிகரெட்டைத் தொடவே கூடாது.”

லெம்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இது எப்போ மாறிச்சு?”

“அது ஆச்சும்மா, பத்துப் பதினஞ்சு வருஷம்.”

“எங்ககிட்ட யாரும் வந்து சொல்லலையே.”

டாக்டர் பேனாவை மூடினாள். “அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நம்பினாங்க.”

“எல்லாரும் இல்ல. என் நாத்தனார் நம்பல. அவளைப் பாத்து ஊரே சிரிச்சுது, நானும்தான்.”

வெளியே வந்ததும் இர்யா கேட்டாள்: “நான் சின்னதாப் பொறந்தது, நீ சொல்லுவியே, அந்த மாத்திரையாலதானாம்மா?”

“யாருக்குத் தெரியும்? கொடுத்தவருக்கும் தெரியாது, முழுங்கின எனக்கும் தெரியாது” என்றாள் லெம்பி. “வா, பசிக்குதா உனக்கு?”

“லேசா.”

“லேசான்னு எல்லாம் சொல்லாதே.”

தெருக்கோடி உணவகத்தில் லெம்பி உருளைக்கிழங்கும் வறுத்த ஏரிமீனும் வரவழைத்து, மகள் முன்னால் தள்ளினாள். இர்யா முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.